வளையல் விழும் இடம்

ஜூன் 2, ஞாயிறு

எங்கள் இசைத்தட்டு வட்டத்தின் தொண்ணூற்றைந்தாவது கூட்டம். வந்தவர்கள் ஒன்பது பேர். அதில் காது உள்ளவன் நான் ஒருவன்தான். மற்ற எட்டுப் பேரும் காளீஸ்வரன் வீட்டு ரவா கேசரிக்காக வருகிறவர்கள்.

காளீஸ்வரன் வட்டத்தின் செயலாளர். இன்சூரன்ஸ் ஏஜென்ட். சிங்காநல்லூரில் அவர் வீட்டு மாடி அறையில்தான் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூடுகிறோம். வாரம் மூன்று பேருக்கு முறை. ஆளுக்கு ஒரு எல்.பி.யில் ஒரு பக்கம் முழுதாக ஓடும். நடுவில் ஊசியைத் தூக்கக் கூடாது, பேசக் கூடாது. இந்த இரண்டு விதியையும் நான்தான் போட்டேன். போட்ட நாளிலிருந்து மீறிக்கொண்டே இருக்கிறார்கள்.

இன்றைக்கு சென்னியப்பன் முறை. போஸ்ட் மாஸ்டராக ஓய்வு பெற்றவன், எனக்கு முப்பது வருஷப் பழக்கம். கொண்டுவந்தது வழக்கம்போல பி. எம். குருசாமியின் சோகப் பாடல்கள் தொகுப்பு. ஆறு பாட்டும் அழுகை. ஒன்றில் பெண்டாட்டி போய்விட்டாள், ஒன்றில் மாடு போய்விட்டது. இவன் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுகிறான். போதாக்குறைக்கு ஆம்ப்ளிஃபயரில் கீச்சொலியைக் கூட்டும் ட்ரெபிளை முழுக்கத் திருகி வைத்திருக்கிறான். ரசனை கெட்டவன் என்று நாலு பேர் காதில் விழும்படியே சொன்னேன். சிரித்துக்கொண்டான்.

ஜூலை ஏழாம் தேதி நூறாவது கூட்டம். கல்யாண மண்டபத்துச் சின்ன ஹாலை எடுத்திருக்கிறார்கள். திருப்பூரிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் ஆட்கள் வருகிறார்களாம். ‘பாட்டை எப்படிக் கேட்பது’ என்று நான் பேச வேண்டும் என ஒருமனதாக முடிவு. வேறு யாரைக் கூப்பிடுவார்கள்?

ஜூன் 4, செவ்வாய்

ரேஷன் கடைக்குப் போய்ப் பருப்பு இல்லை என்று தெரிந்துகொண்டு வந்தேன். தண்ணீர் மோட்டாருக்கு ஆள் வரவில்லை.

இந்த வருஷக் கொசுவுக்கு ரீங்காரமே கிடையாது. சத்தம் போடாமல் வந்து கடித்துவிட்டுப் போகிறது. கொசுவுக்குக்கூட ஒழுக்கம் கெட்டுவிட்டது.

ஜூன் 6, வியாழன்

ஜூலை ஏழாம் தேதிப் பேச்சுக்குக் குறிப்பு எடுத்தேன்.

முதலில் இந்தச் சினிமா வாரியாகத் தட்டு சேர்க்கிறவர்களை ஒரு வாங்கு வாங்க வேண்டும். அசல் வெளியீடுதான் உசத்தி, தொகுப்புத் தட்டெல்லாம் குப்பை என்று பேசுகிற கூட்டம் அது. ஒரு படத்துத் தட்டை வாங்கினால் இரண்டு நல்ல பாட்டு, ஒரு கோமாளிப் பாட்டு, கேட்கவே முடியாத கோரஸ் ஒன்று. தொகுப்புத் தட்டு அப்படியல்ல. எங்கோ ஒரு அறையில், பெயர் தெரியாத ஒரு மனுஷன் உட்கார்ந்து நூறு பாட்டைக் கேட்டுப் பன்னிரண்டைப் பொறுக்கி வரிசை போட்டிருக்கிறான். அந்த வரிசையும் ஒரு பாட்டு. முதல் பாட்டு முடிந்து ஊசி கரகரக்கும் அந்த நாலு நொடியில் அடுத்த பாட்டின் வயலின் மனசுக்குள் முதலிலேயே எடுத்துவிடும். எடுக்காதவன் கேட்கவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்று அர்த்தம்.

அப்புறம் டி. எஸ். வனஜாட்சி. ‘வனஜாட்சியின் தேர்ந்தெடுத்த பன்னிரண்டு’. பச்சை அட்டை, மூலையில் டீக்கறை, அது என் பெண்டாட்டி ருக்கு போட்டது. இரண்டாம் பக்கம், நான்காம் பாட்டு. பல்லவி இரண்டாம் தடவை பாடி முடித்ததும், வயலின் எடுப்பதற்கு முன், ஒரு சின்ன ‘கிணுங்’. பாட்டில் இருக்க வேண்டிய சத்தம் இல்லை அது. அந்த அம்மா கையை இறக்கும்போது கண்ணாடி வளையல் மைக் கம்பியில் பட்டிருக்கிறது. அவளும் மனுஷிதான், அங்கே நின்றுகொண்டு பாடினாள் என்பதற்கு அந்த ஒரு சத்தம்தான் அத்தாட்சி. முப்பது வருஷமாக நான் எத்தனை பேருக்குக் காட்டிக்கொடுத்திருக்கிறேன். காட்டின பிறகுதான் கேட்கிறது மடையர்களுக்கு.

அதே தட்டைப் பிற்காலத்தில் மறுபடி அச்சடித்தபோது சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று அந்த வளையலை மழுக்கிவிட்டார்கள். சென்னியப்பனிடம் இருப்பது அந்தப் பிற்கால அச்சு. அவனுக்கு அது போதும்.

ஜூன் 9, ஞாயிறு

சென்னியப்பன் என் வனஜாட்சியை ஒரு வாரம் கேட்டுவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிப்போனான். பதிலுக்குத் தன் சோகப் பாடல்களை என் கையில் திணித்தான். “நீயும் கொஞ்சம் அழுதுதான் பாரப்பா வெள்ளிங்கிரி” என்கிறான். பீரோவின் அடித்தட்டில் போட்டுவிட்டேன்.

கூட்டத்தில் பழைய மில் கிளார்க் ஒருத்தர் வந்திருந்தார். காதில் கடலைக்கொட்டை போல ஒரு மிஷின். பாட்டு கேட்கும் இடத்துக்கு மிஷின் மாட்டிக்கொண்டு வருவது, பல் செட்டோடு கரும்பு தின்ன வருவது மாதிரி. வெட்கமே இல்லை.

ஜூன் 12, புதன்

ருக்குவுக்கு இப்போதெல்லாம் முனகல் அதிகமாகிவிட்டது. அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசுகிறாள். என் பக்கம் திரும்பிப் பேசு என்றால் ஒரு மாதிரி பார்க்கிறாள். எங்கள் மில்லில் நூல் சுற்றும் ரீலிங் டிபார்ட்மெண்டில் எட்டு வருஷம் வேலை பார்த்தவள், அந்த இரைச்சலில் அறுபது அடிக்கு அப்பாலிருந்து உதட்டை அசைத்து எனக்குக் கதை சொன்னவள், இன்றைக்கு ஒரு வார்த்தையைத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை.

தெருவில் குருவி, அணில் எதுவும் கத்துவதில்லை. டவர் வைத்துக் கொன்றுவிட்டார்கள்.

ஜூன் 13, வியாழன்

குக்கரில் பருப்பு அடிப்பிடித்தது. மூன்று விசில் வந்தால் அடுப்பை அணையுங்கள் என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனாளாம். விசிலே வரவில்லை. கேஸ்கட் போயிருக்கும். அதைக்கூட மாற்றி வைக்கத் துப்பில்லை, பழி என் மேல்.

ஜூன் 16, ஞாயிறு

வனஜாட்சி நேற்றுத் திரும்பி வந்தாள். காலையில் குளித்து, தட்டை பிரஷ்ஷால் வளையம் வளையமாகத் துடைத்து, ஊசியை இறக்கினேன். இரண்டாம் பக்கம், நான்காம் பாட்டு.

வளையல் வரவில்லை.

மறுபடி வைத்தேன். வரவில்லை. ஊசி தேய்ந்துவிட்டது.

ஜூன் 20, வியாழன்

ராஜ வீதிக்குப் போய் ஊசி வாங்கி வந்தேன். கடைக்காரனுக்கு இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். “தாத்தா, போன்லயே எல்லாப் பாட்டும் வருதுங்களே” என்றான். போனில் வருவது பாட்டின் எலும்பு என்றேன். சிரித்தான். இந்தத் தலைமுறைக்கு எலும்பே போதும்.

ஜூன் 21, வெள்ளி

புது ஊசி. வளையல் இல்லை. ட்ரெபிளை முழுக்கத் திருகினேன். இல்லை. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போய்க் காதை வைத்தேன். வயலின்கூட ஏதோ சாக்கு மூட்டைக்குள்ளிருந்து வாசிப்பது போல இருந்தது.

புரிந்துவிட்டது. இது என் தட்டு இல்லை. சென்னியப்பன் தன்னுடைய பிற்கால அச்சை என் அட்டைக்குள் போட்டு அனுப்பிவிட்டு, என் அசலை வைத்துக்கொண்டான். லேபிள் இரண்டுக்கும் ஒன்றுதான், அட்டையும் ஒன்றுதான். யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்திருக்கிறான். என் காதை மறந்துவிட்டான்.

முப்பது வருஷம். சே.

ஜூன் 23, ஞாயிறு

கூட்டத்தில் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதுவும் நடக்காதது போல இரண்டு தட்டு கேசரி தின்றான். “என்னப்பா, உடம்பு சரியில்லையா?” என்று தோளில் கை போட்டான். கையை எடுத்துவிட்டேன். திருடனுக்கு அக்கறை வேறு.

ஜூன் 25, செவ்வாய்

வாய் தவறி ருக்குவிடம் சொல்லிவிட்டேன். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டு என் முகத்துக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தாள்.

“ஏனுங்க, சென்னியப்பண்ணன் அப்படிச் செய்யறவரா?”

“காது சொல்லுது.”

“தட்டு நடுவால என்னமோ நம்பர் வெட்டியிருக்கும்னு சொல்லுவீங்களே. உங்க நோட்டுலகூட எழுதி வச்சிருக்கீங்க. அதப் பாத்தாத் தெரிஞ்சுருமில்லீங்க?”

உண்மைதான். லேபிளைச் சுற்றியிருக்கும் வெற்று வளையத்தில் அச்சு எண்ணை ஊசியால் கீறியிருப்பார்கள். முதல் அச்சுக்கு ஒன்று, மறு அச்சுக்கு ஒன்று. என்னிடம் இருக்கும் நூற்றுப்பத்துத் தட்டுக்கும் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். ஆனால் எண்ணைப் பார்த்துத் தட்டை அடையாளம் காண்பவன் கிளார்க். என் காது சொன்ன பிறகு எண் எதற்கு?

கேள்வி ஞானமே இல்லாதவள் எனக்கு வழி சொல்கிறாள். பார்க்கவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

கூட்டத்துக்குப் போகவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

முடிவு செய்துவிட்டேன். நூறாவது கூட்டத்தில், அத்தனை பேர் முன்னாலும், அந்தத் தட்டைப் போடுவேன். வனஜாட்சியே சாட்சி சொல்லட்டும்.

ஜூலை 3, புதன்

வேட்டி இஸ்திரிக்குக் கொடுத்தேன். மகள் ஓசூரிலிருந்து போன் செய்தாள். பேத்தி பேசினாள். ஒரு எழவும் விளங்கவில்லை. கான்வென்டில் வாயைத் திறந்து பேசக் கற்றுக்கொடுப்பதில்லை போலிருக்கிறது. “சரி கண்ணு, சரி கண்ணு” என்று சொல்லிவிட்டு ருக்குவிடம் கொடுத்தேன்.

ஜூலை 7, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். குத்துவிளக்கு, மாலை, வழக்கமான கூத்தெல்லாம் ஆயிற்று. முதல் வரிசையில் ருக்கு. இரண்டாம் வரிசையில் சென்னியப்பன், புதுச் சட்டை. என் முறை வந்தது. சினிமா வாரியாகத் தட்டு சேர்ப்பவர்களைப் பற்றிச் சொன்னேன், கை தட்டினார்கள். வளையலைப் பற்றிச் சொன்னேன். “எல்லாரும் மூச்சை அடக்கிட்டுக் கேளுங்க” என்றேன். ஊசியை இறக்கினேன்.

பல்லவி ஒரு தடவை. பல்லவி இரண்டாம் தடவை. முடிந்தது. வயலின்.

நான் கையைத் தூக்கினேன். காளீஸ்வரன் பதறி ஊசியை எடுத்தார்.

“கேட்டீங்களா? வளையல் இல்ல. ஏன்னா இது என் தட்டு இல்ல. என் தட்டு இந்த ஹால்ல உக்காந்திருக்கற ஒருத்தர் வீட்டுல இருக்குது. சென்னியப்பன், நீயா சொல்றியா, நான் சொல்லட்டுமா?”

சென்னியப்பன் கையில் இருந்த பையைக் கீழே வைத்தான்.

அப்போது திருப்பூரிலிருந்து வந்த ஒரு அம்மா, நடு வரிசையில், பச்சைப் புடவை, எழுந்து நின்றாள். “ஐயா, கோவிச்சுக்காதீங்க. வளையல் இப்பத்தானுங்களே வந்துச்சு? நல்லாக் கேட்டுதுங்க.”

நான் சிரித்தேன். காளீஸ்வரனிடம் மறுபடி போடச் சொன்னேன். போட்டார். இந்தத் தடவை நான் தட்டைப் பார்க்கவில்லை, ஆட்களைப் பார்த்தேன். பல்லவி இரண்டாம் தடவை. ஒரு இடத்தில் நாற்பது தலையும் ஒரே சமயத்தில் மெல்ல ஆடியது. சிலர் சிரித்தார்கள். ஒருத்தர் பக்கத்தில் இருந்தவரின் தொடையைத் தட்டினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

சென்னியப்பன் எழுந்தான். பையை எடுத்துக்கொண்டு, வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனான். ருக்கு குனிந்து மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாரும் சேர்ந்து நடித்தார்கள். சென்னியப்பன் முதலிலேயே பேசி வைத்திருக்கிறான். கேசரிக் கூட்டம். வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

ஜூலை 8, திங்கள்

தட்டின் எண்ணைப் பார்த்தேன். லென்ஸ் வைத்து இரண்டு தடவை பார்த்தேன். நோட்டோடு ஒத்துப்பார்த்தேன்.

என் தட்டுதான்.

ஜூலை 9, செவ்வாய்

சாரல். மோட்டாருக்கு ஆள் வந்தான், சரி செய்துவிட்டுப் போனான். தண்ணீர் வருகிறது.

பயமாக இருக்கிறது.

ஜூலை 10, புதன்

காலை சாப்பிட்ட பிறகு ருக்கு நாற்காலியை இழுத்து என் எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

“ஏனுங்க, ஒண்ணு கேக்கட்டுங்களா?”

“கேளு.”

அவள் முந்தானையை எடுத்து வாயை மறைத்துக்கொண்டாள். கண் மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு துணியை இறக்கினாள்.

“இப்ப நான் என்ன சொன்னேன்?”

“நீ ஒண்ணும் சொல்லலியே.”

“மூணு தடவ உங்க பேரச் சொன்னனுங்க. புருஷன் பேரச் சொல்லக்கூடாதும்பாங்க. சொன்னேன்.”

எனக்குக் கோபம்தான் வந்தது. என்னைச் சோதிக்கிறாளா? நான் என்ன ஆஸ்பத்திரி நோயாளியா? ஆனால் மில்தான் ஞாபகத்துக்கு வந்தது. முப்பத்தொரு வருஷம் நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம் டிபார்ட்மெண்டில் மேஸ்திரியாக நின்றேன். அங்கே காதால் கேட்டவன் எவனும் இல்லை. எல்லாருமே உதட்டைப் பார்த்துத்தான் கேட்டோம். இழை அறுந்தால் விரலால் சைகை, நூல் சுற்றிய பாபின் தீர்ந்தால் கையால். அங்கிருந்து வீட்டுக்கு வந்தும் நான் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். இவள் முதுகைக் காட்டிப் பேசினால் மட்டும் முனகல். தட்டுக்கு வாய் கிடையாது.

“எப்பருந்து தெரியும் உனக்கு?”

“ரெண்டு வருஷமாத் தெரியுமுங்க.”

“சொல்றதுக்கென்ன?”

“போன தீவாளிக்குச் சொன்னேன். முனகாதேன்னீங்க.”

அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. “சென்னியப்பண்ணன நெனச்சாத்தான் எனக்கு ஆறவே மாட்டீங்குது” என்றாள்.

ஜூலை 12, வெள்ளி

காது டாக்டரம்மாவிடம் போனோம். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். கண்ணாடிப் பெட்டி போல ஒரு அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்றாள். கொஞ்ச நேரம் அழுத்தினேன். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமே வரவில்லை. மிஷின் பழுது என்று நினைத்துக் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தேன். அவள் மும்முரமாக எதையோ திருகிக் குறித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் ஒரு தாளைக் காட்டினாள். தாளின் இடது பக்கம், தடித்த சத்தங்களுக்கு, கோடு மேலே போகிறது; வலது பக்கம், கீச்சுச் சத்தங்களுக்கு, மலைச்சரிவு மாதிரி இறங்கிவிடுகிறது. அந்தச் சரிவுக்குள்தான் விசில், கொசு, குருவி, பேத்தி எல்லாம் இருக்கிறார்களாம்.

“மில்லுல வேலை பாத்தவங்களுக்குப் பொதுவா இப்படித்தான் சார் ஆகும். மெஷின் வச்சா பேச்சு நல்லாவே கேக்கும்.”

“ஒரு வளையல் சத்தம் கேக்கணும்” என்றேன்.

என்ன வளையல் என்று விசாரித்தாள். சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டாள். “அவ்வளவு உயர்ந்த சுருதியில இருக்கற சத்தத்துக்கு உள்ள இருக்கற நரம்பே போயிருச்சு சார். மெஷினால அதத் திருப்பிக் கொண்டுவர முடியாது. பொய் சொல்ல விரும்பல.”

இந்தக் காலத்துப் படிப்பு. முகத்துக்கு நேராகப் பட்டென்று சொல்லிவிடுகிறார்கள். ஆட்டோவில் வரும்போது ருக்கு என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் விடுவித்துக்கொள்ளவில்லை.

ஜூலை 15, திங்கள்

கடலைக்கொட்டை வந்துவிட்டது. இரண்டு காதிலும்.

உலகம் முழுக்கத் தகரத்தில் செய்தது போல இருக்கிறது. காகம் தகரம். பஸ் தகரம். நான் செய்தித்தாளைப் புரட்டினால் யாரோ கூரையைப் பிய்ப்பது போல இருக்கிறது. ருக்கு பாத்திரம் கழுவும்போது கழற்றி வைத்துவிட்டேன். மறுபடி மாட்டியபோது குக்கர் விசில் வந்தது, மூன்று. எழுந்து போய் அணைத்தேன். ருக்கு மூக்கை உறிஞ்சிக்கொண்டே வெங்காயம் உரித்தாள். வெங்காயம்தான்.

வனஜாட்சியைப் போட்டேன். பாட்டு தெளிவாக இருக்கிறது, குரலும் இருக்கிறது. வளையல் இல்லை.

ஜூலை 18, வியாழன்

சோகப் பாடல்கள் தட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்காகத்தான் ஒண்டிப்புதூர் போனேன்.

சென்னியப்பன் கதவைத் திறந்தான். என் காதைப் பார்த்தான். உள்ளே போய்விட்டான், கதவைச் சாத்தவில்லை. நானும் போனேன். அவன் எனக்கு முதுகைக் காட்டி ஜன்னலோரமாக நின்றான். ஆடிக் காற்று கொய்யா மரத்தைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது.

“தட்டு கொண்டு வந்திருக்கேன்” என்றேன்.

அவன் முதுகு என்னமோ சொன்னது. முன்பாக இருந்தால் முனகல் என்றிருப்பேன். இப்போது கடலைக்கொட்டை புண்ணியத்தில் கேட்டது. “நாப்பது பேரு முன்னால, வெள்ளிங்கிரி. ஈரோட்டுக்காரங்க முன்னால.”

“ஆமா.”

“எனக்குப் போன பொங்கல்லருந்தே தெரியும், உனக்குக் காது போச்சுன்னு. காளீஸ்வரனுக்கும் தெரியும். எல்லாருக்குந்தான் தெரியும். யாராச்சும் ஒரு வார்த்த உங்கிட்டச் சொன்னமா?”

நான் நாற்காலியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் திரும்பினான். கண் சிவந்திருந்தது.

“ட்ரெபிள யாருக்காகடா முழுசாத் திருகி வச்சேன்? எனக்கா? எங்காது கிழியுது. உனக்குக் கேக்கட்டும்னு வச்சா, என்னையவே ரசன கெட்டவன்னு சொல்லிட்டுத் திரிஞ்ச. அந்தத் தட்ட எதுக்கு வாங்கிட்டுப் போனேன் தெரியுமா? வளையல் இன்னும் நல்லாக் கேக்குதா, தட்டு தேஞ்சிருச்சா, இல்ல உங்காதா, பாக்கத்தான். நல்லாத்தான் கேட்டுது. அதத்தான் எப்படிச் சொல்றதுன்னு ஒரு வாரமா வச்சிருந்தேன்.”

“தப்புப் பண்ணிட்டேன் சென்னியப்பா” என்றேன். முப்பது வருஷம் அவனுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தவனுக்கு மூன்று வார்த்தைதான் வந்தது.

“என்னது?” என்றான், காதில் கை வைத்துக்கொண்டு.

“தப்புப் பண்ணிட்டேன்.”

“இன்னும் கொஞ்சம் சத்தமா.”

நாய்ப் பயல். சத்தமாகச் சொன்னேன். அவன் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். டீ வந்தது. அதோடு விடவில்லை. குருசாமியின் சோகப் பாடல்கள் இரண்டு பக்கமும் முழுதாகக் கேட்க வைத்தான். நடுவில் ஊசியைத் தூக்கக் கூடாது, பேசக் கூடாது. மாட்டுப் பாட்டு வரும்போது கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினான். இதைவிடப் பெரிய தண்டனை சட்டத்தில் இல்லை.

அந்த மாட்டுப் பாட்டில் புல்லாங்குழல் கொஞ்சம் நன்றாக இருக்கிறது. அவனிடம் சொல்லவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

நூற்றிரண்டாவது கூட்டம். எழுந்து நின்று, நான் சொன்னது பொய், சென்னியப்பன் மேல் ஒரு தப்பும் கிடையாது, எனக்குத்தான் காது கேட்கவில்லை என்று சொன்னேன். திருப்பூர் அம்மாவுக்கும் போனில் சொல்லிவிடுமாறு காளீஸ்வரனிடம் சொன்னேன். எல்லாரும் பரிதாபமாகப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்குப் பதில் நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

சென்னியப்பன் என் பக்கத்தில் உட்கார்ந்து ட்ரெபிளைக் குறைத்தான். “இனி மிஷின் இருக்குதல்ல. எங்காதையும் பாக்கோணும்” என்றான்.

கேசரியில் இன்று சர்க்கரை கம்மி.

ஜூலை 23, செவ்வாய்

இன்றைக்கு வேலை எதுவும் இல்லை. வனஜாட்சியை எடுத்தேன். துடைத்தேன். இரண்டாம் பக்கம்.

ருக்கு பூண்டு உரித்துக்கொண்டே வந்து எதிரே உட்கார்ந்தாள். பாட்டு கேட்க அவள் இப்படி வந்து உட்கார்ந்ததே கிடையாது. அவளுக்குக் கேட்கத் தெரியாது என்று நான் கூப்பிட்டதும் கிடையாது.

“வளையல் வந்ததுன்னாச் சொல்லட்டுங்களா?”

“உனக்கெங்க தெரியும்?”

“முப்பது வருஷமா அடுப்படியிலருந்து கேக்கறனுங்களே.”

நான்காம் பாட்டு. பல்லவி இரண்டாம் தடவை. ருக்கு பூண்டை முறத்தில் போட்டுவிட்டு வலது கையை உயர்த்தினாள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு தடவை கிள்ளினாள். மில்லில் இழை அறுந்தால் காட்டுகிற சைகை. நாற்பது வருஷம் ஆயிற்று அதை அவள் கையில் பார்த்து.

ஆனால் தப்பு. பல்லவியின் கடைசிச் சொல் முடிவதற்குள்ளேயே கிள்ளிவிட்டாள். வளையல் வருவது சொல் முடிந்த பிறகு. தாளம் பிடிபடாத கை.

“முந்திட்டே” என்றேன். ஊசியைத் தூக்கிப் பின்னால் வைத்தேன். மறுபடியும் அதே இடத்தில் கிள்ளினாள். மறுபடி வைத்தேன். அதே இடம். ஆறு தடவை வைத்தேன். ஆறு தடவையும் இம்மி பிசகாமல் அதே இடம்.

“அங்கதானுங்க வருது. கடேசிச் சொல்ல இழுக்கறப்பவே கைய எறக்கிடறாங்க. நீங்கதான் பின்னால நிக்கறீங்க.”

நூறாவது கூட்டத்தில் நாற்பது தலை ஆடிய இடத்தை யோசித்துப் பார்த்தேன். நான் வளையலை எதிர்பார்த்த இடத்துக்கு முன்பே அவை ஆடி முடித்திருந்தன.

எத்தனை நாளாகக் கேட்காத ஒன்றை ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. சத்தம் போனது மட்டுமில்லை, அது இருந்த இடமும் என்னிடமிருந்து நகர்ந்துவிட்டது. மனசுக்குள் அதை நானே எங்கோ கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

ஏழாவது தடவை வைத்தேன். தட்டைப் பார்க்கவில்லை. ருக்குவின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கிள்ளினாள். என் தலை ஆடியது.

நோட்டை எடுத்து, வனஜாட்சிப் பக்கத்தில் ‘பல்லவி முடிந்ததும் வளையல்’ என்று எழுதியிருந்ததை அடித்தேன். பக்கத்தில் ‘ருக்கு சொல்லும் இடம்’ என்று எழுதினேன். பூண்டு இன்னும் பாதி உரிக்காமல் கிடந்தது. அதை நான் உரித்தேன்.